ஆப்டோமெட்ரிஸ்ட் இல்லாத விண்ணப்பம்

அமெரிக்காவில், கண்ணைப் பரிசோதித்துப் பவர் பார்க்கும் தொழிற்படிப்பான ஆப்டோமெட்ரி படிக்க விண்ணப்பித்த ஒரு மாணவிக்கு முதல் ஆண்டு ஐந்து பள்ளிகளில் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. அடுத்த ஆண்டு ஆறு பள்ளிகளுக்கு அனுப்பினாள். நான்கு நேர்காணல், இரண்டு இடம். அதே மாணவி, அதே கல்லூரிப் பட்டம். நடுவில் என்ன மாறியது என்று இரண்டு கோப்புகளையும் அருகருகே விரித்துப் பார்த்ததுதான் இந்த ஆய்வு. அவள் சம்மதத்தோடு எழுதுகிறேன். அடையாளம் தெரியக்கூடியவற்றை மாற்றிவிட்டேன். பள்ளிகளின் பெயரும் வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

நான் இங்கே ஆப்டோமெட்ரிஸ்ட். 2022 ஏப்ரல் கடைசியில் அவள் அம்மா ஃபோன் செய்தார். வார இறுதித் தமிழ்ப் பள்ளியில் ஏற்பட்ட பழக்கம்.

"அண்ணா, பொண்ணுக்கு எங்கேயுமே கிடைக்கலை. ஓ.ஏ.டி. மார்க் பத்தலை போல. மறுபடியும் எழுதச் சொல்லட்டுமா?"

ஓ.ஏ.டி. என்பது ஆப்டோமெட்ரி பள்ளிகளுக்கான நுழைவுத் தேர்வு.

"எழுதலாம்மா. முதல்ல அவ என்ன அனுப்பினாளோ அதை அப்படியே எனக்கு அனுப்பச் சொல்லுங்க."

அன்று இரவே வந்துவிட்டது. படித்து முடித்தபோது மதிப்பெண்ணைவிட வேறொன்று உறுத்தியது. அந்த விண்ணப்பத்தில் ஆப்டோமெட்ரிஸ்ட் என்று ஒருவர்கூட இல்லை.

முதல் சுற்று

உயிரியல் பட்டம், 2022 மே மாதம் முடிகிறது. 2021 டிசம்பரில் ஓ.ஏ.டி. எழுதியிருந்தாள். 2022 பிப்ரவரி 24 அன்று ஆப்டம்காஸில் விண்ணப்பத்தைச் சமர்ப்பித்தாள். மார்ச் கடைசியில் ஒரே ஒரு நேர்காணல், ஜூமில். அப்புறம் நான்கு மறுப்பு, ஒரு காத்திருப்புப் பட்டியல். அந்தப் பட்டியல் கடைசிவரை நகரவில்லை.

ஆப்டம்காஸ் என்பது ஆப்டோமெட்ரி பள்ளிகளின் சங்கம் 2009 முதல் நடத்தும் பொது விண்ணப்பத் தளம். ஒரே விண்ணப்பம், நாம் குறிக்கும் பள்ளிகளுக்கெல்லாம் போகும். ஜூலைத் தொடக்கத்தை ஒட்டித் திறப்பார்கள். பெரும்பாலான பள்ளிகள் வர வரப் படித்து, அழைத்து, இடத்தைக் கொடுத்துக்கொண்டே போகும். கடைசித் தேதி மட்டும் பள்ளியைப் பொறுத்து அடுத்த வசந்தம்வரை நீளும். அந்தத் தேதிதான் ஆளை ஏமாற்றுகிறது. பந்திக்கு முந்து என்பதை நம் ஊரில் கேலியாகச் சொல்வார்கள். இங்கே அதுதான் விதி. பிப்ரவரி 24 என்றால் கடைசிப் பந்தி, அதிலும் இலை போட்டாயிற்றா என்று தெரியாத நிலை.

போதாததற்கு விண்ணப்பம் ஒருமுறை திரும்பி வந்தது. காரணம், பாடப் பட்டியல். ஆப்டம்காஸில் கல்லூரியில் படித்த ஒவ்வொரு பாடத்தையும் நாமே உள்ளிட வேண்டும். அவர்கள் டிரான்ஸ்கிரிப்டோடு, அதாவது கல்லூரி தரும் மதிப்பெண் பட்டியலோடு, ஒப்பிட்டுச் சரிபார்ப்பார்கள். ஆர்கானிக் கெமிஸ்ட்ரியையும் ஃபிசிக்ஸையும் அவள் இரண்டு முறை எடுத்திருந்தாள். முதல் முறை ஒன்றில் டி, இன்னொன்றில் சி மைனஸ். அவள் கல்லூரியில் திரும்ப எடுத்தால் பழைய கிரேடு கணக்கில் சேராது. அதனால் பழையதை உள்ளிடவே இல்லை. ஆப்டம்காஸோ எல்லா முயற்சியையும் கணக்கில் எடுக்கும்.

கணக்கைப் போட்டுப் பார்த்தோம். கல்லூரிக் கணக்கில் 120 கிரெடிட், ஜி.பி.ஏ. என்ற கிரேடு சராசரி 3.30, பெருக்கினால் 396 புள்ளி. விடுபட்டவை தலா 4 கிரெடிட். டி-க்கு 4 புள்ளி, சி மைனஸுக்கு 6.8. ஆக 128 கிரெடிட்டுக்கு 406.8 புள்ளி. 3.18. பரவாயில்லை, தாங்கலாம். அறிவியல் பாடங்களை மட்டும் எடுத்தால்தான் அடி விழுகிறது. 60 கிரெடிட்டில் 3.10 இருந்தது, 68 கிரெடிட்டில் 2.89 ஆகிவிட்டது. 3-க்கு மேல் இருக்கிறோம் என்ற நினைப்பில்தான் அவள் பள்ளிகளைத் தேர்ந்தெடுத்திருந்தாள். அந்த எண்ணை அவள் முதன்முதலில் பார்த்ததே மறுப்புக் கடிதங்கள் வந்த பிறகு.

ஓ.ஏ.டி. மதிப்பெண்கள்: பயாலஜி 300, ஜெனரல் கெமிஸ்ட்ரி 310, ஆர்கானிக் 270, ஃபிசிக்ஸ் 260, வாசிப்பு 340, கணிதம் 300. 200 முதல் 400 வரையான அளவுகோல் அது. ஆறையும் கூட்டி வகுத்தால் 296.7, பத்தின் மடங்காகச் சேர்த்து 300 என்று காட்டும். 300 என்பது நடுத்தரம். அம்மா சொன்னது முழுத் தப்பில்லை. ஆனால் 300-க்கு இடம் கொடுத்த பள்ளிகளை எனக்குத் தெரியும்.

நான் சொல்லி, ஐந்து பள்ளிகளுக்கும் மின்னஞ்சலில் காரணம் கேட்டாள். மூன்று பேர் பதில் போடவில்லை, ஒருவர் வழக்கமான வருத்தக் கடிதம். ஒரு பள்ளி மட்டும் நான்கு வரியில் நேராகச் சொன்னது. கோப்பு தாமதமாக முழுமையானது. மைக்ரோபயாலஜி எடுக்கவும் இல்லை, எடுக்கும் திட்டமும் குறிக்கப்படவில்லை. ஆப்டோமெட்ரி அனுபவம் மிகக் குறைவு. ஓ.ஏ.டி.யைப் பற்றி ஒரு சொல் இல்லை.

பாட்டியின் கண்புரை

ஏன் இந்தப் படிப்பு என்று எழுதும் பர்சனல் ஸ்டேட்மென்ட்டுக்கு ஆப்டம்காஸ் தருவது இடைவெளியோடு சேர்த்து 4,500 எழுத்து. ஒரு பக்கத்துக்குக் கொஞ்சம் மேல். அவள் அதில் பாதியைப் பாட்டியின் கண்புரைக்குக் கொடுத்திருந்தாள். பார்வை மங்கிப் போன பாட்டி, அறுவை சிகிச்சை, மறுநாள் கட்டு அவிழ்த்ததும் பேத்தியின் முகத்தைப் பார்த்து அழுதது. நன்றாகத்தான் எழுதியிருந்தாள். எனக்கே கொஞ்சம் தொண்டை அடைத்தது.

ஆனால் கண்புரையை எடுத்தது ஆப்தல்மாலஜிஸ்ட். மருத்துவம் படித்து, அதன்மேல் ரெசிடென்ஸி என்ற சிறப்புப் பயிற்சி முடித்த அறுவை நிபுணர். படிக்கிறவர் மனதில் வரும் முதல் கேள்வி, "சரி, அப்படியானால் நீ மருத்துவக் கல்லூரிக்கு அல்லவா போக வேண்டும்?" ஷேடோயிங், அதாவது டாக்டர் கூடவே இருந்து வேலையைப் பார்ப்பது, என்று குறித்திருந்த பன்னிரண்டு மணி நேரமும் குடும்ப நண்பரான ஓர் ஆப்தல்மாலஜிஸ்ட்டின் அறுவை மையத்தில். பரிந்துரைக் கடிதம் எழுதியவர்களில் இருவர் இருநூறு பேர் வகுப்பு எடுத்த பேராசிரியர்கள், மூன்றாமவர் அதே ஆப்தல்மாலஜிஸ்ட்.

இதில் அவளை மட்டும் குறை சொல்ல முடியாது. நம் வீடுகளில் "கண் டாக்டர்" என்று ஒரே சொல்தான். அறுவை செய்கிறவரும் கண் டாக்டர், பவர் பார்க்கிறவரும் கண் டாக்டர், சில சமயம் கண்ணாடிக் கடையில் ஃப்ரேமை வளைத்துக் கொடுக்கும் ஆப்டிஷியனும் கண் டாக்டர். இருபது வருடம் இந்த வேலையில் இருக்கிறேன். என் அத்தை இன்னமும் எனக்கு ஆபரேஷன் தியேட்டர் எங்கே இருக்கிறது என்று கேட்கிறார். ஆப்டோமெட்ரிஸ்ட் பவர் பார்க்கிறார், கான்டாக்ட் லென்ஸ் பொருத்துகிறார், கண்ணில் நோய் இருந்தால் கண்டுபிடிக்கிறார், சொட்டு மருந்து எழுதுகிறார், கை மீறியதை உரிய இடத்துக்கு அனுப்புகிறார். ஓக்லஹோமா, கென்டக்கி, லூசியானா மாதிரி சில மாநிலங்களில் குறிப்பிட்ட லேசர் சிகிச்சையும் செய்யலாம். இந்த வேறுபாட்டை அவள் இணையத்தில் படித்திருந்தாள். கண்ணால் பார்த்ததில்லை.

அந்த ஒரே நேர்காணலில் கேட்டது, "ஏன் ஆப்தல்மாலஜி வேண்டாம்?" அவள் சொன்ன பதில்: படிப்புக் காலம் குறைவு, அறுவையின் மன அழுத்தம் இல்லை. உண்மையான பதில்தான். ஆனால் வேண்டாததற்கான காரணம் அது. வேண்டியதற்கான காரணம் அதில் இல்லை.

கிளினிக்கில் பதினான்கு வாரம்

என் கிளினிக்கிலேயே வேலைக்கு வரட்டுமா என்று அவள் அம்மா கேட்டார். வேண்டாம் என்றேன். குடும்பத்துக்குத் தெரிந்தவன் எழுதும் கடிதத்துக்கு என்ன மதிப்பு இருக்கும்? பதினைந்து மைல் தள்ளி, எனக்கு முகம் மட்டும் தெரிந்த ஒருவரின் கிளினிக்கில் டெக்னீஷியன் தேடுகிறார்கள் என்று மட்டும் சொன்னேன். அவளே போய்ப் பேசிச் சேர்ந்தாள். மே முதல் வாரத்திலிருந்து வாரம் இருபத்து நான்கு மணி நேரம், சம்பளத்தோடு. விண்ணப்பிக்கும்போது கிட்டத்தட்ட 330 மணி நேரம் ஆகியிருந்தது.

முதல் மாதம் கண்ணாடியின் பவரை அளக்கும் லென்ஸோமீட்டர், கண்ணின் பவரைத் தானே அளக்கும் ஆட்டோரிஃப்ராக்டர், கண்ணில் காற்றை ஊதி அழுத்தம் பார்க்கும் கருவி, காப்பீட்டு நிறுவனத்துக்கு ஃபோனில் காத்திருப்பது. "அங்கிள், பாதி நாள் ஹோல்டில் பாட்டுக் கேட்கறதிலேயே போகுது" என்றாள். அதுவும் இந்தத் தொழில்தான் என்றேன்.

ஜூன் நடுவில் ஒருவர் வந்தார். லாரி ஓட்டுநர், நாற்பதுகளில். தூரத்துப் பலகை திடீரென்று மங்கலாக இருக்கிறது, புதுக் கண்ணாடி வேண்டும் என்று. இவள் ஆட்டோரிஃப்ராக்டரில் உட்கார வைத்தாள். போன வருடக் குறிப்பில் மைனஸ் 1.25. இப்போது மைனஸ் 3.00. இயந்திரம் தப்பு என்று நினைத்து மூன்று முறை எடுத்தாள். மூன்று முறையும் அதே எண். தயங்கித் தயங்கி டாக்டரிடம் சீட்டைக் கொடுத்தாள். அவர் லென்ஸ்களை மாற்றி மாற்றிப் பவர் சோதிக்கும் ஃபோராப்டரில் பார்த்து எண்ணை உறுதிசெய்தார். அப்புறம் கண்ணைப் பற்றியே கேட்கவில்லை. தாகம் அதிகமா? இரவில் எத்தனை முறை எழுந்திருக்கிறீர்கள்? எடை குறைந்திருக்கிறதா? கண்ணாடி எழுதித் தராமல், அன்றே குடும்ப மருத்துவரைப் பார்க்க ஏற்பாடு செய்து அனுப்பினார். இரத்தச் சர்க்கரை ஏறினால் கண்ணின் லென்ஸில் நீர்ச்சத்து மாறி, பவரே இடம் மாறும். அன்று கண்ணாடி செய்து கொடுத்திருந்தால், சர்க்கரை கட்டுக்கு வந்ததும் அது வீண். ஏழு வாரம் கழித்து அவர் திரும்பி வந்தபோது மைனஸ் 1.50. அன்றுதான் கண்ணாடி எழுதினார்கள்.

இரண்டாம் பர்சனல் ஸ்டேட்மென்ட் அந்த மூன்று சீட்டுகளில் தொடங்கியது. பாட்டியை எடுத்துவிடு என்று நான் சொல்லவில்லை. அவளே ஒரு வரிக்குச் சுருக்கிவிட்டாள். முதல் வரைவில் மட்டும், தானே நீரிழிவைக் கண்டுபிடித்த மாதிரி எழுதியிருந்தாள். "நீ என்ன பண்ணின?" என்று கேட்டேன். "மூணு தடவை அளந்தேன்." "அதை எழுது." இயந்திரத்தைச் சந்தேகித்தது, அளந்தது, தெரியாததைத் தெரியாது என்று கொண்டுபோய்க் கொடுத்தது. ஒரு டெக்னீஷியன் செய்ய வேண்டியது அவ்வளவுதான், அதை ஒழுங்காகச் செய்திருந்தாள். சேர்க்கைக் குழுவில் ஆப்டோமெட்ரிஸ்ட்டுகள் இருப்பார்கள். மிகைப்படுத்தினால் முதல் பத்தியிலேயே தெரிந்துவிடும்.

கடிதங்களில் ஒன்றை அந்த டாக்டர் எழுதினார். ஆப்டோமெட்ரிஸ்ட் கடிதம் ஒன்றாவது வேண்டும் என்று பல பள்ளிகள் கேட்கும், சில கட்டாயமே ஆக்கியிருக்கும். மற்ற இரண்டு, பதினெட்டுப் பேர் ஆய்வக வகுப்பு எடுத்தவரும், கடைசிப் பருவத்தில் அவளுக்கு பயோகெமிஸ்ட்ரியில் ஏ மைனஸ் போட்டவரும்.

ஃபிசிக்ஸ்

ஓ.ஏ.டி.யை மறுபடி எழுதத்தான் வேண்டும் என்பதில் அம்மாவும் நானும் ஒத்துப்போனோம். 270, 260 இரண்டும், அவள் டி-யும் சி மைனஸும் வாங்கிய அதே பாடங்கள். இடத்தைத் தடுத்தது அது மட்டுமல்ல என்றாலும், அந்தப் பழைய கிரேடுகளுக்கு மறுப்புச் சொல்ல வேறு சாட்சி இல்லை. ஜி.பி.ஏ.யை மூன்று மாதத்தில் தூக்க முடியாது.

இயற்கை அறிவியல் பகுதியில் 100 கேள்வி, 90 நிமிடம். ஃபிசிக்ஸில் 40 கேள்வி, 50 நிமிடம். கேள்விக்கு 75 விநாடி. கணிதப் பகுதியில் மட்டும் திரையில் ஒரு சாதாரணக் கால்குலேட்டர் வரும், ஃபிசிக்ஸில் கிடையாது. அவளுடைய பயிற்சி நோட்டைப் புரட்டினேன். எல்லா விடையும் மூன்று தசமத்தில். கால்குலேட்டர் வைத்தே பழகியிருக்கிறாள்! தேர்வில் கைக்கணக்கு வராமல் கடைசி ஒன்பது கேள்விகளைக் கண்ணை மூடிக்கொண்டு குறித்ததாக அப்போதுதான் சொன்னாள்.

ஒரு கணக்கு கொடுத்தேன். குவிய நீளம் 25 செ.மீ. உள்ள குவிலென்ஸ், பொருள் 50 செ.மீ. தூரத்தில். பிம்பம் எங்கே? அவள் பின்னங்களை எழுதி, பொது வகுஎண் தேடி, ஒன்றரை நிமிடம் எடுத்தாள். விடை சரி. "நீ கிளினிக்கில் தினமும் எந்த அலகில் எண் எழுதற?" "டையாப்டர்." "இதையும் அதிலேயே போடு." டையாப்டர் என்பது ஒன்றை மீட்டரால் வகுத்தது. 25 செ.மீ. என்றால் பிளஸ் 4 டையாப்டர். 50 செ.மீ. தூரத்துப் பொருளிலிருந்து வரும் ஒளி மைனஸ் 2. கூட்டினால் பிளஸ் 2. பிம்பம் அரை மீட்டரில். பத்து விநாடி. என்னை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வைக்காகவே யாருக்காவது பாடம் சொல்லிக்கொடுக்கலாம்.

ஜூலைக் கடைசி வாரத்தில் எழுதினாள். பயாலஜி 330, ஜெனரல் கெமிஸ்ட்ரி 330, ஆர்கானிக் 310, ஃபிசிக்ஸ் 320, வாசிப்பு 340, கணிதம் 330. சராசரி 330. ஆர்கானிக் இன்னும் ஏறியிருக்கலாம். பத்து வாரத்தில், வேலையோடு, அவ்வளவுதான் முடிந்தது.

இரண்டாம் சுற்று

2022 ஆகஸ்ட் 9 அன்று சமர்ப்பித்தாள். இந்த முறை டி-யும் சி மைனஸும் பட்டியலில் இருந்தன, எதுவும் திரும்பி வரவில்லை. ஒவ்வொரு பள்ளியின் முன்தேவைப் பாடங்களையும் ஒரு தாளில் எழுதி ஒட்டியிருந்தாள். இது பள்ளிக்குப் பள்ளி வேறுபடும். ஒன்று மைக்ரோபயாலஜி கேட்கும், இன்னொன்று உடற்கூறு, மற்றொன்று புள்ளியியலோடு கால்குலஸும். முடிக்காத மைக்ரோபயாலஜியையும் புள்ளியியலையும், எந்தப் பருவத்தில் எடுக்கப்போகிறாள் என்பதோடு, திட்டமிட்ட பாடங்களாகக் குறித்தாள்.

செப்டம்பர் மூன்றாம் வாரத்தில் முதல் அழைப்பு. ஒரு நேர்காணலில் மறுபடியும் அதே கேள்வி, ஏன் ஆப்தல்மாலஜி வேண்டாம்? அவள் லாரி ஓட்டுநரைச் சொல்லவில்லை, அது கட்டுரையிலேயே இருக்கிறதே என்று. தாடையைத் தூக்கிக்கொண்டு வந்த ஒரு கணக்காளரைச் சொன்னாள். தூரத்துக்கும் படிப்பதற்கும் ஒரே லென்ஸாக வரும் புதிய புரோகிரஸிவ் கண்ணாடி, படிக்கும்போது எழுத்து தெரியவில்லை, பவர் தப்பு என்று சத்தம் போட்டவர். பவர் சரியாக இருந்தது. ஃப்ரேம் மூக்கில் மூன்று மில்லிமீட்டர் இறங்கியிருந்ததால், படிக்கும் பகுதி கண்ணுக்குக் கீழே போய்விட்டது. மூக்குத் தாங்கியைக் கொஞ்சம் நெருக்கியதும் தலை தானாக இறங்கியது. அந்த மூன்று மில்லிமீட்டர் வேலைதான் தனக்குப் பிடிக்கிறது என்றாளாம். எதிரே இருந்த பேராசிரியர் தன் கண்ணாடியைத் தள்ளிவிட்டுச் சிரித்திருக்கிறார். அந்தப் பள்ளியில் இடம் கிடைத்தது.

நவம்பரில் ஒன்று, டிசம்பரில் இன்னொன்று. ஒன்று வீட்டுக்கு அருகே தனியார் பள்ளி, மற்றது வேறு மாநிலத்து அரசுப் பல்கலைக்கழகம். இரண்டுமே, ஆப்டோமெட்ரி பள்ளிகளுக்கு அங்கீகாரம் தரும் அமைப்பான ஏ.சி.ஓ.இ.யின் அங்கீகாரம் முழுமையாகப் பெற்றவை. புதிதாகத் தொடங்கிய பள்ளி என்றால் இதை முதலில் பார்க்க வேண்டும். உரிமம் பெற எழுத வேண்டிய என்.பி.இ.ஓ. தேர்வில் ஒவ்வொரு பள்ளியின் தேர்ச்சி விகிதமும் பொதுவில் கிடைக்கும். அதில் கடைசித் தேர்ச்சியை மட்டும் பார்க்காமல், முதல் முயற்சியில் தேறியவர்கள் எத்தனை, சேர்ந்தவர்களில் நான்கு வருடத்தில் முடித்தவர்கள் எத்தனை என்று அவள் பிரித்துப் பார்த்தாள். நான் சொல்லிக் கொடுக்கவில்லை. அதில் எனக்குப் பெருமைதான்.

கட்டணம்தான் முடிவு செய்தது. ஒரு வருடம் அங்கே வசித்தால் உள்மாநிலக் கட்டணத்துக்கு விண்ணப்பிக்கலாம் என்பதால் அரசுப் பல்கலைக்கழகம். 2023-இல் சேர்ந்ததால் மிச்சத் தொகைக்கு, மேற்படிப்புக்கான கூட்டரசுக் கடனான கிராட் பிளஸ் வாங்க முடிந்தது. இனிச் சேர்கிறவர்களுக்கு அந்த வழி இல்லை. 2025-இல் வந்த சட்டப்படி, 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குகிறவர்களுக்கு கிராட் பிளஸ் கிடையாது. தொழிற்பட்டப் படிப்புக்குக் கூட்டரசுக் கடன் ஆண்டுக்கு 50,000 டாலர், மொத்தம் 2,00,000 டாலர் என்று வரம்பு. பல தனியார் பள்ளிகளில் கட்டணமும் வாழ்க்கைச் செலவும் சேர்ந்தால் அதைத் தாண்டிவிடும். குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாமல் எச்-4 விசாவிலோ எஃப்-1 விசாவிலோ இருப்பவர்களுக்குப் பொதுவாக இந்தக் கூட்டரசுக் கடனே கிடையாது. எந்தப் பள்ளி என்று யோசிக்கும் முன்பே இந்தக் கணக்கைப் போட்டுவிடுவது நல்லது.

எந்த மாற்றம் இடத்தைக் கொடுத்தது? ஆறு மாதம் முன்னால் அனுப்பியதா, 30 புள்ளி ஏறியதா, கிளினிக்கா? எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றியதால் பிரித்துச் சொல்ல முடியாது. ஒன்றைச் சொல்லலாம். நான்கு நேர்காணல்களிலும் ஓ.ஏ.டி. பற்றி ஒரே ஒரு கேள்விதான் வந்தது, ஃபிசிக்ஸ் எப்படி ஏறியது என்று. கிளினிக்கைப் பற்றி நால்வரும் கேட்டார்கள். அவள் அம்மா இன்னமும் மார்க்தான் என்கிறார்.

மைக்ரோபயாலஜியை டிசம்பரில் ஏ மைனஸோடு முடித்தாள். புள்ளியியல் மட்டும் பாக்கி. சி அல்லது அதற்கு மேல் வாங்க வேண்டும் என்று அனுமதிக் கடிதத்தில் நிபந்தனை இருந்தது. பி வந்தது. 2023 மே கடைசியில் இறுதி டிரான்ஸ்கிரிப்டை அனுப்பினாள், ஜூனில் கிளினிக்கில் அவள் இடத்துக்கு வந்த பையனுக்கு லென்ஸோமீட்டர் பிடிக்கக் கற்றுக்கொடுத்துவிட்டு வேலையை விட்டாள்.